காஸ்மிக் கதிரை ஸ்கூல் பசங்க எண்ண முடியுமா? ஒரு பள்ளிக்கூடம் மட்டும் தனியா செஞ்சா ஏன் பத்தாது

"இன்னைக்கு ராத்திரி 12.30ல இருந்து 3.30 வரைக்கும் காஸ்மிக் கதிர் பூமிக்குப் பக்கத்துல வருது, செல்போனை ஆஃப் பண்ணி தள்ளி வச்சிட்டுப் படுங்க, நாசா சொல்லிருக்கு." இந்த வாட்ஸ்அப் ஃபார்வர்டு பல வருஷமா சுத்திக்கிட்டு இருக்கு, காரைக்குடி தேவகோட்டைப் பக்கம் ஃபேமிலி குரூப்லயும் யாராவது ஒரு சித்தப்பா போட்டுருவார். அது பொய். ஆனா 2025 நவம்பர் கடைசியில ஏர்பஸ் கம்பெனியே "தீவிரமான சூரியக் கதிர்வீச்சால விமானத்தை ஓட்டுற கம்ப்யூட்டர்ல டேட்டா கெட்டுப்போகலாம்"னு அறிவிச்சு, ஏ320 குடும்பத்துல சுமார் 6000 விமானத்துக்கு அவசரமா சாஃப்ட்வேர் மாத்தச் சொன்னாங்க, நம்ம இண்டிகோ, ஏர் இந்தியாவும் அதுல மாட்டுச்சு. உடனே "பாத்தியா, அன்னைக்கே சொன்னேன்ல"ன்னு பழைய ஃபார்வர்டு மறுபடி கிளம்பும்ல.

இன்னொரு பக்கம் அமெரிக்கா, இத்தாலி, நெதர்லாந்துல ஹைஸ்கூல் பசங்க இதே காஸ்மிக் கதிரைப் பெட்டி வச்சு எண்ணி, பல ஊர் கம்ப்யூட்டரைச் சேத்து ஆராய்ச்சி பண்றாங்கன்னு படிக்கிறோம். ஆபத்துன்னா பசங்க கையில எப்படிக் குடுப்பாங்க, ஆபத்து இல்லேன்னா விமானத்துக்கு ஏன் அவ்வளவு அவசரம், இதுக்கு நடுவுல பல ஊர் கம்ப்யூட்டர் எதுக்கு? அடியில இருந்து பாத்துட்டு வந்தா மூணுக்கும் பதில் கிடைச்சிரும்.

மேல இருந்து வர்றது என்ன

காஸ்மிக் கதிர்னு சொன்னாலும் பெரும்பாலும் அது ஒளி மாதிரி கதிர் இல்ல, துகள். விண்வெளியில இருந்து வர்றதுல சுமார் 90 சதவீதம் புரோட்டான், 9 சதவீதம் ஹீலியத்தோட கரு, மிச்சம் இரும்பு வரைக்கும் கனமான கருக்கள். கம்மி சக்தி உள்ளதுல கொஞ்சம் சூரியன்ல இருந்து வருது, அதுக்கு மேல உள்ளது நம்ம கேலக்ஸியில வெடிச்சுப்போன நட்சத்திரங்களோட மிச்சத்துல இருந்து வருதுன்னு நினைக்கிறாங்க. ரொம்ப உச்ச சக்தி உள்ளது எங்க இருந்து வருதுன்னு இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் உறுதியாத் தெரியாது.

இதைக் கண்டுபிடிச்சது ஆஸ்திரிய விஞ்ஞானி விக்டர் ஹெஸ், 1912 ஆகஸ்ட் 7. கதிர்வீச்சு பூமிக்குள்ள இருந்து தான் வருதுன்னு அப்ப நம்பிக்கிட்டு இருந்தாங்க, அப்படின்னா மேல போகப் போகக் குறையணும்ல. அவர் பலூன்ல 5000 மீட்டருக்கு மேல ஏறிப் பாத்தா குறையல, நல்லா கூடிருச்சு. இதுக்கு 1936ல நோபல்.

சக்தி எவ்வளவுன்னு ஒரு அளவு வேணும்னா, 1991 அக்டோபர்ல அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல பதிவான ஒரே ஒரு துகளோட சக்தி, ஜெனீவா பக்கம் செர்ன் ஆய்வகத்துல துகளை வேகமா ஓடவிட்டு மோதவைக்கிற எல்எச்சி மெஷின் ஒரு புரோட்டானுக்குக் குடுக்குற சக்தியை விட நாலு கோடி மடங்குக்கும் மேல. மனுஷன் கட்டுன எந்த மெஷினும் கிட்ட நெருங்க முடியாது, அதான் விஞ்ஞானிகளுக்கு இது மேல இவ்வளவு ஆசை.

ஆனா இந்தத் துகள் தரைக்கு வராது. மேல காத்துல நைட்ரஜன், ஆக்ஸிஜன் கருவுல மோதி உடைஞ்சு புதுத் துகள்கள் உண்டாகி, அதுங்களும் மோதி, இப்படி ஒண்ணு பத்தாகி பத்து ஆயிரமாகி கீழ கொட்டுது. இதுக்குப் பேரு ஏர் ஷவர். 1938ல பிரெஞ்சு விஞ்ஞானி பியர் ஆஜே தள்ளித் தள்ளி வச்ச டிடெக்டர்கள்ல, அதாவது துகள் வந்தா காட்டுற கருவிகள்ல, ஒரே நேரத்துல துகள் வர்றதைப் பாத்துத்தான் இதைக் கண்டுபிடிச்சார். "ஒரே நேரத்துல" - இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி எல்லாம் இதுல தான் நிக்குது.

தரைக்கு வந்து சேர்ற மியூவான்

ஷவர்ல இருந்து நம்ம தலை வரைக்கும் வர்றதுல முக்கியமானது மியூவான். எலக்ட்ரானோட சொந்தம் தான், ஆனா 207 மடங்கு கனம். ஆயுசு சராசரி 2.2 மைக்ரோ செகண்ட், அதாவது ஒரு செகண்டை பத்து லட்சமா பிரிச்சா அதுல ரெண்டு சொச்சம். அதுக்குள்ள ஒளி வேகத்துல ஓடுனாலும் 660 மீட்டர் தான் போக முடியும், ஆனா அது பொறக்குறது சுமார் 15 கிலோமீட்டர் உயரத்துல. அப்ப தரைக்கு வரவே கூடாதே? வருது. வேகமாப் போற பொருளுக்கு நம்ம பார்வையில நேரம் மெதுவா ஓடும்னு ஐன்ஸ்டைன் சொன்னது தான் காரணம். பாடப்புத்தகத்துல பயமுறுத்துற அந்த சார்பியல் கோட்பாட்டை ஒரு பிளஸ் ஒன் பொண்ணு தன் ஸ்கூல் லேப்ல நேரா பாக்குறதுக்கு மியூவானை விட சல்லிசான வழி இல்ல.

எவ்வளவு வருது? தோராயமா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிஷத்துக்கு ஒண்ணு. கையை விரிச்சு நீட்டுனா செகண்டுக்கு ஒண்ணு ரெண்டு கையைத் தொளைச்சிட்டுப் போகுது, நீங்க இதைப் படிக்கும்போதும் தான். செட்டிநாட்டு வீட்டுச் சுவர் எவ்வளவு கனமா இருந்தாலும் அதுக்குப் பெருசா ஒண்ணும் இல்ல: ஒரு மீட்டர் கான்கிரீட்டைக் கடக்க மியூவானுக்கு அரை ஜிஇவி (துகளோட சக்தியைச் சொல்ற அளவு) சக்தி செலவாகும், தரைக்கு வர்ற மியூவானோட சராசரி சக்தி நாலு ஜிஇவி. வளவுல வானம் பாத்து உக்காந்தாலும் உள்வீட்டுக்குள்ள கதவைச் சாத்திக்கிட்டாலும் எண்ணிக்கையில பெரிய வித்தியாசம் இருக்காது.

உடம்புக்கு? வருஷத்துக்கு நமக்கு இயற்கையா கிடைக்குற கதிர்வீச்சு உலக சராசரியில 2.4 மில்லி சீவர்ட், அதுல காஸ்மிக் கதிரோட பங்கு 0.4 கிட்ட. மிச்சம் மண்ணு, கல்லு, மூச்சுல போற ரேடான் வாயு, சாப்பாடு. இது ராத்திரி 12.30க்கு வந்து 3.30க்குப் போற விஷயம் இல்ல, பூமி உண்டான நாள்ல இருந்து நிக்காம வருது, செல்போனை ஆஃப் பண்றதால ஒண்ணும் ஆகப்போறது இல்ல. அந்த ஃபார்வர்டோட கதை இங்கயே முடிஞ்சிருச்சு.

ஸ்கூல்ல வைக்கிற பெட்டி எப்படி வேலை செய்யும்

படம் வரைஞ்சு காட்டுற அளவுக்கு சிக்கல் எதுவும் இல்ல.

1. சிண்டிலேட்டர்னு ஒரு வகை பிளாஸ்டிக் தட்டு. துகள் உள்ள பாஞ்சா மினுக்குனு ஒரு சின்ன வெளிச்சம் வரும், கண்ணுக்குத் தெரியாது. வெளி வெளிச்சம் நுழையாம கருப்பா இறுக்கிச் சுத்தணும்.
2. அந்த வெளிச்சத்தை மின்சாரத் துடிப்பா மாத்துற சென்சார். முன்னாடி போட்டோமல்டிப்ளையர் டியூப், இப்ப நகம் சைஸ் சிலிக்கான் சென்சார் வந்திருச்சு.
3. "இந்த அளவுக்கு மேல உள்ள துடிப்பை மட்டும் எண்ணு"ன்னு ஒரு வாசல் அளவு, அதை த்ரெஷோல்டுன்னு சொல்வாங்க.
4. ஜிபிஎஸ் கடிகாரம். துகள் எந்த நேரத்துல வந்துச்சுன்னு சில பத்து நானோ செகண்ட் துல்லியத்துல எழுதிவைக்கும். நானோ செகண்டுன்னா செகண்டுல நூறு கோடியில ஒரு பங்கு, அந்த நேரத்துல ஒளி 30 சென்டிமீட்டர் தான் நகரும்.

ஒரு தட்டு மட்டும் வச்சா சுத்துப்புறத்துக் கல்லுல இருந்து வர்ற காமா கதிரும் எலக்ட்ரானிக்ஸ்ல தானா வர்ற பொய்த் துடிப்பும் சேந்து எண்ணப்படும். அதனால ரெண்டு தட்டை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, ரெண்டுலயும் சேந்து அடிச்சா மட்டும் கணக்கு. இந்த அடுக்கைத் தான் கீழ பெட்டின்னு சொல்றேன். அமெரிக்காவுல எம்ஐடி ஆளுங்க வெளியிட்ட ஒரு சின்ன டிசைனுக்கு உதிரிபாகம் சுமார் 100 டாலர்ல முடிஞ்சிரும், பெரிய தட்டுன்னா விலை எகிறும்.

போன் கேமராவை கருப்பு டேப் ஒட்டி மூடி ஆப் போட்டாலும் துகளைப் பிடிக்கலாம், போலந்துல 2016ல ஆரம்பிச்ச கிரெடோ திட்டம் அப்படித்தான். ஆனா போன் சென்சார் ஒரு அரிசிமணியை விடக் கொஞ்சம் பெருசு, அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு கிடைச்சாலே பெருசு. ஆர்வத்தைத் தூண்ட நல்லது, கணக்குக்குப் பத்தாது.

ஒரு பெட்டியால எவ்வளவு தூரம் போகலாம்

ஒரு அடிக்கு ஒரு அடி தட்டுன்னு வச்சுக்குவோம். செகண்டுக்கு சுமார் 15 மியூவான், ஒரு நாளைக்கு 13 லட்சம் சொச்சம். இதை வச்சே நிறைய பண்ணலாம்: சாய்ச்சு வச்சா எண்ணிக்கை எப்படிக் குறையுதுன்னு பாக்கலாம், பிளாஸ்டிக்குள்ளயே நின்னுபோய் அழியுற மியூவானை வச்சு அந்த 2.2 மைக்ரோ செகண்டை நாமளே அளக்கலாம்.

நம்ம ஊருக்குன்னே பொருத்தமா ஒண்ணு இருக்கு. வெப்பமண்டலத்துல காத்தழுத்தம் ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏறி இறங்கும், காலையில பத்து மணி ராத்திரி பத்து மணி வாக்குல உச்சம், சாயந்திரம் நாலு விடிகாலை நாலு வாக்குல பள்ளம், வித்தியாசம் மூணு நாலு ஹெக்டோபாஸ்கல் இருக்கும். ஐரோப்பாவுல புயலும் காத்தும் மாறி மாறி வந்து இதை அமுக்கிரும், நமக்குத் தான் தெளிவா தெரியும். அழுத்தம் கூடுனா மேல காத்து அதிகம்னு அர்த்தம், மியூவான் குறையும், ஒரு ஹெக்டோபாஸ்கலுக்கு சுமார் 0.1ல இருந்து 0.2 சதவீதம். அப்ப ஒரு நாளைக்குள்ள அரை சதவீதம் போல ஏறி இறங்கணும்.

இதை ஒரு மணி நேர டேட்டாவுல பாக்க முடியுமா? ஒரு மணி நேரத்துக்கு 54,000 எண்ணிக்கை. எண்ணிக்கை தற்செயலா முன்னப்பின்ன ஆகுற தடுமாற்றம் அதோட வர்க்கமூலம், அதாவது 232, அது 0.43 சதவீதம். தேடுற மாற்றமும் தடுமாற்றமும் ஒரே அளவு, ஒண்ணும் தெரியாது. ஒரு மாசம் ஓடவிட்டு தினமும் அதே மணி நேரத்தைச் சேத்து சராசரி எடுத்தா தடுமாற்றம் 0.08 சதவீதத்துக்கு இறங்கிரும், வளைவு பளிச்சுனு வரும். பொறுமையும் டேட்டாவும் இருந்தாப் போதும், பெரிய மெஷின் வேண்டியதில்ல.

ஆனா ஒரு கேள்விக்கு மட்டும் ஒத்தைப் பெட்டியால பதிலே சொல்ல முடியாது. இப்ப வந்த மியூவான் தனியா வந்துச்சா, இல்ல பெரிய ஷவரோட ஒரு துளியா? ஆஜே கண்டுபிடிச்சதே தள்ளி வச்ச டிடெக்டரால தானே.

ரெண்டு பெட்டி, மூணு பெட்டி: கணக்கு எங்க மாறுது

காரைக்குடியில ஒரு ஸ்கூல்லயும் 300 மீட்டர் தள்ளி ஒரு காலேஜ்லயும் ஆளுக்கொரு பெட்டி இருக்குன்னு வச்சுக்கோங்க. ஒளிக்கு 300 மீட்டர் போக ஒரு மைக்ரோ செகண்ட் ஆகும். ஷவர் சாய்வா வந்தாலும் ரெண்டு இடத்துலயும் ஒரு மைக்ரோ செகண்டுக்குள்ள அடிச்சாகணும். அதனால அந்த இடைவெளிக்குள்ள சேந்து வந்ததை எல்லாம் ஷவர்னு எடுத்துக்கலாமா?

எடுத்துக்க முடியாது. சம்பந்தமே இல்லாத ரெண்டு மியூவான் தற்செயலா அந்த இடைவெளிக்குள்ள வரலாம். ரெண்டு பெட்டியும் செகண்டுக்கு 15 எண்ணுனா, தற்செயல் ஜோடி ரெண்டு பெருக்கல் 15 பெருக்கல் 15 பெருக்கல் ஒரு மைக்ரோ செகண்ட். ஒரு நாளைக்கு 39 வரும். நாள் முழுக்க 39 பொய் ஷவர், அதுக்கு நடுவுல எங்கயாவது ஒண்ணு ரெண்டு நிஜ ஷவர்.

மூணாவதா ஒரு பெட்டி, அதே 300 மீட்டர் வட்டத்துக்குள்ள, பக்கத்துத் தெருவுல இன்னொரு ஸ்கூல்ல வச்சா? மூணும் தற்செயலா சேந்து அடிக்கிறது சுமார் மூணு வருஷத்துக்கு ஒரு தடவை. நாளைக்கு 39ல இருந்து மூணு வருஷத்துக்கு ஒண்ணு! மூணும் சேந்து அடிச்சா அது ஷவர் தான்னு கண்ணை மூடிக்கிட்டு எழுதலாம். நேர வித்தியாசத்தை வச்சு வானத்துல எந்தத் திசையில இருந்து வந்துச்சுன்னும் கணக்குப் போடலாம், அதுக்கும் குறைஞ்சது மூணு பெட்டி வேணும்.

என்னைக் கேட்டா இந்த முழு விஷயத்தோட சாரமே இந்த ஒரு கணக்கு தான். பெட்டியைப் பெருசு பண்றதால கிடைக்காத ஒண்ணு, மூணு பேரு டேட்டாவைச் சேத்தா கிடைக்குது.

அப்ப பங்கு போடுறது எதை

"ஷேர்டு கம்ப்யூட்டிங்", அதாவது பல ஊர் கம்ப்யூட்டரைப் பங்கு போட்டுக்குறதுன்னு சொன்னதும் எல்லாரும் சூப்பர் கம்ப்யூட்டரை நினைச்சுக்குறாங்க. பங்கு போடுறது மூணு.

முதல்ல நேரம். ஒவ்வொரு ஸ்கூலும் லேப் கம்ப்யூட்டர்ல உள்ள கடிகாரத்தை நம்புனா ஒரு செகண்ட் ரெண்டு செகண்ட் தப்பா ஓடும், மைக்ரோ செகண்ட் பேச்சே எடுக்க முடியாது. எல்லாரும் ஜிபிஎஸ் நேரம் வச்சா மட்டும் தான் ரெண்டு ஊர் டேட்டாவை ஒண்ணா அடுக்கலாம்.

ரெண்டாவது டேட்டா. எல்லா ஸ்கூலும் ஒரே வடிவத்துல ஒரே பொது இடத்துல ஏத்துறது. கூடவே பெட்டி எங்க இருக்கு, மேல எத்தனை மாடி, தட்டு என்ன சைஸ், த்ரெஷோல்டு எவ்வளவு, எந்தத் தேதியில மாத்துனாங்க - இந்த விவரம். டேட்டாவைப் பத்தின இந்த டேட்டாவுக்கு மெட்டாடேட்டான்னு பேரு, இது இல்லேன்னா அந்த 13 லட்சமும் குப்பை.

மூணாவது தான் கம்ப்யூட்டர். அதுலயும் மூணு தினுசு இருக்கு:

1. கிரிட். பல பல்கலைக்கழகம், ஆராய்ச்சி நிலையங்களோட கம்ப்யூட்டர்களை நெட்வொர்க்ல கோத்து, வேலை வந்தா எங்க காலியா இருக்கோ அங்க அனுப்புறது. செர்னோட டேட்டாவை உலகம் முழுக்க 170 சொச்சம் மையம் இப்படித்தான் பங்கு போட்டு அலசுது, மும்பை டாட்டா இன்ஸ்டிடியூட்டும் கொல்கத்தாவுல ஒரு மையமும் அதுல உண்டு.
2. தன்னார்வக் கம்ப்யூட்டிங். வீட்டுல, ஸ்கூல்ல சும்மா இருக்கிற கம்ப்யூட்டரோட நேரத்தைக் குடுக்குறது. 1999ல ஆரம்பிச்சு 2020 மார்ச் வரைக்கும் ஓடுன செட்டி அட் ஹோம் இதுல பிரபலம், வேற்றுகிரக சிக்னல் தேடுனது. இப்பவும் பாயிங்க்னு ஒரு சாஃப்ட்வேர் வழியா பல திட்டம் ஓடுது.
3. க்ளவுட். பிரவுசர்லயே புரோகிராம் எழுதி யாரோ ஒருத்தர் சர்வர்ல ஓட்டுறது. கூகுள் கோலாப் மாதிரி இலவசமா கிடைக்குறதே ஸ்கூல் வேலைக்குத் தாராளம்.

நம்ம பக்கத்துல நகரத்தார் கோயிலுக்குப் புள்ளி வரி குடுக்குறது தெரிஞ்சவங்களுக்கு இதைப் புரிஞ்சுக்கிறது சுலபம்: கல்யாணம் ஆன ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவுன்னு எல்லாரும் போடுறதுல கோயில் நடக்கும், கோயில் எல்லாருக்கும் பொது. இங்க ஒரு சின்ன ஸ்கூல் போடுறது ஒத்தைப் பெட்டியோட டேட்டா தான், ஆனா எடுத்துப் பாக்குறது எல்லா ஸ்கூல் டேட்டாவும்.

நிஜமாவே இவ்வளவு கம்ப்யூட்டர் வேணுமான்னு கேட்டா, நேர்மையா சொல்லணும்னா ஒரு ஸ்கூல் டேட்டாவுக்கு வேண்டாம். வந்த நேரத்தை மட்டும் எழுதுனா ஒரு நாளைக்கு 20, 30 எம்பி தான், சாதாரண லேப்டாப் போதும். ஸ்கூல் கூடக்கூடத் தான் சுமை ஏறும்: 50 ஸ்கூல்னா ரெண்டு ரெண்டா 1225 ஜோடி, மூணு மூணா 19,600 கூட்டணி, ஒவ்வொண்ணுக்கும் வருஷக்கணக்குல டேட்டாவை நேரவாரியா அடுக்கித் தேடணும்னா அப்பத் தான் வேலையைத் துண்டு போட்டு பல மெஷினுக்கு அனுப்பணும். இதை விடப் பெரிய சுமை சிமுலேஷன். "இவ்வளவு சக்தியில ஒரு புரோட்டான் வந்தா தரையில என்ன கொட்டும்"னு கம்ப்யூட்டர்லயே செஞ்சு பாக்குறதுக்கு ஜெர்மனியில கார்ல்ஸ்ரூவுல எழுதுன கோர்சிகான்னு ஒரு புரோகிராம் இருக்கு, உச்ச சக்தி ஷவர் ஒண்ணை ஒரு துகள் விடாமப் பின்தொடர்ந்தா கம்ப்யூட்டர் நாள்கணக்குல மூச்சுத் திணறும், அதனால துகள்களைப் பாதியில கழிச்சுக்கட்டி கணக்கை மட்டும் சரிக்கட்டுற தந்திரம்லாம் வச்சிருக்காங்க.

ஏற்கனவே செஞ்சவங்க

அமெரிக்காவுல குவார்க்நெட்ங்கிற பள்ளித் திட்டம் 1999ல ஆரம்பிச்சது, ஃபெர்மிலேப் ஆய்வகமும் நோட்ர டேம் பல்கலைக்கழகமும் பின்னாடி. அதுல இ-லேப்னு ஒரு இணைய ஆய்வகம்: பசங்க டேட்டாவை ஏத்துவாங்க, பிரவுசர்ல எந்த ஸ்கூலோட எந்தத் தேதி டேட்டா வேணும்னு டிக் அடிச்சு, மியூவான் ஆயுசா, எண்ணிக்கையா, ஷவரான்னு தேர்ந்தெடுத்து பட்டனைத் தட்டுனா பின்னாடி கிரிட்ல வேலை ஓடி வரைபடம் வந்து நிக்கும். கிரிட்டுன்னா என்னன்னு தெரியாமலே ஒரு பையன் கிரிட்டைப் பயன்படுத்திருவான். ஒரு ஸ்கூல் போட்ட வரைபடத்தை அதே டேட்டா அதே புரோகிராம் வச்சு இன்னொரு ஸ்கூல் திரும்பப் போட்டுச் சரிபாக்கலாம்ங்கிறது தான் இதுல எனக்குப் பெருசாத் தெரியுது, வேகம் அடுத்தது தான்.

நெதர்லாந்துல ஹைஸ்பார்க்னு ஒரு பள்ளித் திட்டம், ஸ்கூல் மொட்டைமாடியில கார் மேல ஸ்கீ கட்டை வைக்கிற நீளப்பெட்டிக்குள்ள டிடெக்டரை வச்சு மூடிட்டாங்க, மழைக்கும் பனிக்கும் சரியாப் போச்சு. இத்தாலியில பசங்களே செர்னுக்குப் போய் டிடெக்டரை அசெம்பிள் பண்ணி ஊருக்குக் கொண்டு வந்தாங்க, டேட்டா எல்லாம் போலோன்யாவுல இருக்கிற தேசிய அணுத்துகள் கழகத்தோட கம்ப்யூட்டர் மையத்துக்குப் போகுது.

பெட்டியே இல்லாட்டியும் வழி இருக்கு. அர்ஜென்டினாவுல 3000 சதுர கிலோமீட்டருக்கு 1600க்கும் மேல தண்ணித் தொட்டி வச்சு உச்ச சக்தி ஷவரைத் தேடுற பியர் ஆஜே ஆய்வகம், 2021ல தன் டேட்டாவுல 10 சதவீதத்தை எல்லாருக்கும் திறந்து விட்டிருச்சு. அங்க ஏன் அவ்வளவு பெரிய இடம்னா அந்த உச்ச சக்தியில ஒரு சதுர கிலோமீட்டருக்கு நூறு வருஷத்துக்கு ஒரு துகள் தான் வரும்.

செட்டிநாட்டு டேட்டாவுக்கு என்ன தனி மவுசு

இங்க தான் நம்ம ஆளுங்க கவனிக்காத ஒண்ணு இருக்கு. பூமியோட காந்தப்புலம் மின்னூட்டம் உள்ள துகளை வளைச்சுத் திருப்பி விடும். துருவத்துப் பக்கம் சுலபமா நுழையலாம், காந்த நடுக்கோட்டுப் பக்கம் நுழையணும்னா நல்ல சக்தி வேணும். அந்தக் குறைஞ்சபட்ச அளவை ஜிகாவோல்ட்ல சொல்வாங்க: சிகாகோ பக்கம் சுமார் 2, நம்ம தமிழ்நாட்டுல சுமார் 17. உலகத்துலயே உச்சத்துல இருக்கிற இடங்கள்ல ஒண்ணு இது, காந்த நடுக்கோடு நம்ம தெக்கத்தி ஜில்லாக்கள் வழியா போகுது. 1963ல கேரளாவுல தும்பாவுல ராக்கெட் தளம் போட்டதுக்கும் இந்தக் கோடு தான் காரணம்.

இதனால ரெண்டு விஷயம். ஒண்ணு, சூரியன் கிளப்புற கம்மி சக்தித் துகள்கள் இங்க வடிகட்டப்படும், நமக்கு வர்ற மியூவான் எல்லாம் வேற சக்தி வரம்புல இருந்து வருது. 2024 மே 10 வாக்குல வந்த பெரிய சூரியப் புயல் மாதிரி சமயத்துல உலகமெங்கும் காஸ்மிக் கதிர் எண்ணிக்கை சட்டுனு குறையும், ஃபோர்புஷ் சரிவுன்னு பேரு. சிகாகோ ஸ்கூல் எவ்வளவு குறைஞ்சுதுன்னு சொல்லும், காரைக்குடி ஸ்கூலும் அதே நாள்ல எண்ணிக்கிட்டு இருந்தா சரிவு எந்த சக்தி வரைக்கும் போச்சுன்னு ஒப்பிட்டுப் பாக்கலாம். ஒத்தை ஊரு டேட்டாவால இது நடக்காது.

இன்னொண்ணு கிழக்கு மேற்கு வித்தியாசம். வர்ற துகள்கள் பெரும்பாலும் நேர் மின்னூட்டம், அதனால மேற்குல இருந்து வர்றது கிழக்குல இருந்து வர்றதை விட அதிகமா இருக்கும், 1933ல மெக்ஸிகோவுல அளந்து காஸ்மிக் கதிர் நேர் மின்னூட்டம் உள்ளதுன்னு கண்டுபிடிச்சதே இதை வச்சுத்தான். நடுக்கோட்டுப் பக்கம் இது நல்லாத் தெரியும், வடக்க போகப்போக மங்கிரும். பெட்டியோட ரெண்டு தட்டையும் கொஞ்சம் விலக்கி, ஒரு மாசம் மேற்கே சாய்ச்சு, ஒரு மாசம் கிழக்கே சாய்ச்சு எண்ணுனாப் போதும், பள்ளத்தூர் ஸ்கூல் பசங்க டென்மார்க் பசங்களை விட சுலபமா இதைக் காட்டிரலாம்.

தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்ல. ஊட்டியில டாட்டா இன்ஸ்டிடியூட்டோட கிரேப்ஸ்-3 காஸ்மிக் கதிர் ஆய்வகம், கடல் மட்டத்துல இருந்து 2200 மீட்டர் உயரத்துல சுமார் 400 சிண்டிலேட்டரும், ஒவ்வொண்ணும் 6 மீட்டர் நீளக் குழாயா 3712 கவுண்டர் அடுக்குன மியூவான் டெலஸ்கோப்பும் வச்சிருக்கு. 2014 டிசம்பர் 1ல ஒரு இடிமேகம் மேல போனப்ப மியூவான் எண்ணிக்கை மாறுனதை வச்சு அந்த மேகத்துல 130 கோடி வோல்ட் இருந்துச்சுன்னு கணக்குப் போட்டு 2019ல வெளியிட்டாங்க. மியூவானை வச்சு மேகத்தோட வோல்டேஜை அளந்த ஊரு, நம்ம பஸ் ஏறிப் போற தூரத்துல தான் இருக்கு.

விமானம், கம்ப்யூட்டர், பிரமிடு

இப்ப ஏர்பஸ் விஷயம். மெமரி சிப்புல ஒவ்வொரு எண்ணும் 0 அல்லது 1ஆ நிக்குது. ஷவர்ல வர்ற துகள், முக்கியமா நியூட்ரான், சிப்புக்குள்ள ஒரு கருவுல மோதுனா அந்த 0, 1 புரண்டுரலாம், பிட் ஃப்ளிப்னு பேரு. விமானம் பறக்குற 10, 12 கிலோமீட்டர் உயரத்துல நியூட்ரான் தரையை விட சில நூறு மடங்கு. தரையிலயும் எப்பவாவது நடக்கலாம்: 2003ல பெல்ஜியத்துல ஸ்கார்பேக்ல ஒரு வேட்பாளருக்கு சரியா 4096 ஓட்டு அதிகமா விழுந்துச்சு, 4096ங்கிறது 2ஐ 12 தடவை பெருக்குனா வர்றது, ஒரே ஒரு பிட்டு புரண்டா அச்சா அந்த எண் தான் வரும். காஸ்மிக் கதிர் தான்னு நிரூபணம் இல்ல, வேற கோளாறும் கிடைக்கல.

ஆக ஆபத்து ஆளுக்கு இல்ல, மெமரிக்கு. அதுக்கு வழி ஒரே கணக்கை மூணு தடவை போட்டு ஒப்பிடுறது, தப்பைத் தானே திருத்துற மெமரி, இல்லேன்னா ஏர்பஸ் செஞ்ச மாதிரி சாஃப்ட்வேரை மாத்துறது. பசங்க எண்ணுறது மியூவானை, நியூட்ரானை இல்லேன்னாலும் ரெண்டும் ஒரே ஷவரோட பிள்ளைங்க.

நல்ல பயனும் இருக்கு. கனமான பொருளுக்குள்ள மியூவான் குறையும், காலியான இடம் இருந்தா அந்தத் திசையில கூட வரும். 2017ல எகிப்துல குஃபுவோட பெரிய பிரமிடுக்குள்ள குறைஞ்சது 30 மீட்டர் நீளத்துல ஒரு வெற்றிடம் இருக்குன்னு ஒரு கல்லைக்கூட நகட்டாம இப்படித்தான் சொன்னாங்க.

நம்ம பக்கம் தொடங்குனா எது இடிக்கும்

பணம் முதல் பிரச்சனைன்னு தோணும், ஆனா மத்திய அரசோட அடல் டிங்கரிங் லேப் வச்சிருக்கிற ஸ்கூலுக்கு மானியமே 20 லட்சம் வரைக்கும் வருது, அரசுப் பள்ளிகள்ல ஹைடெக் லேப் கம்ப்யூட்டர் இருக்கு. இடிக்கிறது வேற இடத்துல.

வெயில். சிலிக்கான் சென்சார் சூட்டுக்கு ஏத்த மாதிரி மாறும், மே மாசம் காரைக்குடி மொட்டைமாடியில பெட்டியை வச்சா மியூவானை எண்ணுறீங்களா தெர்மாமீட்டர் வச்சிருக்கீங்களான்னு தெரியாமப் போயிரும். பெட்டியைக் கீழ நிழலான ரூம்ல வைங்க, மியூவான் தளத்தைத் தாண்டி வரும், வானம் பாக்க வேண்டியது ஜிபிஎஸ் ஆன்டெனா மட்டும் தான். கருப்புச் சுத்துல ஊசித்துளை இருந்தாலும் எண்ணிக்கை எகிறும், இருட்டுல டார்ச் அடிச்சு சோதிச்சிருங்க. கரண்ட் போனா யுபிஎஸ் வேணும், அது கூடப் பெருசு இல்ல, போனது எப்ப வந்தது எப்பன்னு எழுதிவைக்கலேன்னா தான் அந்த நாள் டேட்டா வீண்.

ஹைடெக் லேப் கம்ப்யூட்டரை ராத்திரி பாயிங்க்ல விடலாமேன்னு ஒரு யோசனை வரும். தலைமை ஆசிரியர் அனுமதி, கரண்ட் பில், பூட்டுன ரூம்ல சூடு, இதெல்லாம் பாத்தா எனக்கு அது அவ்வளவு லாபமாத் தெரியல. அதுக்குப் பதிலா மூணு ஸ்கூல் சேந்து அழகப்பா பல்கலைக்கழகம் மாதிரி பக்கத்துல உள்ள ஒரு இடத்துல ஒரே ஒரு பொது சர்வர் கேக்கலாம். 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் அழகப்பச் செட்டியார் குடுத்ததால மத்திய மின்வேதியியல் ஆய்வகம் வந்த ஊருல ஒரு சர்வருக்கு இடம் கேக்குறது பெரிய ஆசை இல்ல.

எல்லாத்தையும் விடப் பெரிய ஆபத்து டிரான்ஸ்ஃபர். ஆர்வமா ஆரம்பிச்ச பிசிக்ஸ் சார் வேற ஊருக்குப் போயிட்டா, பிளஸ் டூ பசங்க முடிச்சிட்டுப் போயிட்டா, த்ரெஷோல்டு எவ்வளவு வச்சிருந்தாங்கன்னு சொல்ல ஆள் இருக்காது, அடுத்து வர்றவங்க தெரியாம மாத்திருவாங்க, எண்ணிக்கை ஒரே நாள்ல பத்து சதவீதம் குதிச்சா அது சூரியப் புயலா திருகுன ஸ்க்ரூவான்னு யாருக்கும் தெரியாது. அதனால பெட்டி வாங்குறதுக்கு முன்னாடி தேதி, த்ரெஷோல்டு, வெப்பநிலை, காத்தழுத்தம், யார் தொட்டாங்கன்னு அஞ்சு கட்டம் போட்ட ஒரு பொது ஷீட்டை மூணு ஸ்கூலும் சேந்து திறந்துருங்க, பிளஸ் ஒன் பசங்க ரெண்டு பேருக்கு அதை நிரப்புற வேலையை ஒப்படைச்சு, அவங்க பிளஸ் டூ போகும்போது அடுத்த ரெண்டு பேருக்குக் கத்துக்குடுத்துட்டுத் தான் போகணும்னு வச்சுருங்க.